தட்டு கைக்கு எட்டுது... அடுத்த படி எட்டலையே! அல்டிமேட் ஃப்ரிஸ்பீ வீரர்களுக்கு என்னதான் சிக்கல்?

பீச்சுக்குப் போனால் யாராவது ஒருத்தர் பிளாஸ்டிக் தட்டை வீச, இன்னொருத்தர் ஓடிப்போய்ப் பிடிப்பதைப் பார்த்திருப்பீங்க. 'சும்மா டைம் பாஸ்' என்று நினைத்து நகர்ந்தும் போயிருப்பீங்க.

ஆனால், அதே தட்டை வைத்து உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. இந்திய ஜெர்சி போட்டு ஆடிய சென்னை வீரர்களும் இருக்கிறார்கள். மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் ஆடும் ஒரு சென்னை டீமின் கதை குறும்படமாகி, அமெரிக்கா வரை போய்ப் பேர் வாங்கியிருக்கிறது.

அப்படியென்றால் தமிழ்நாட்டின் மற்ற கடற்கரை ஊர்களில் ஏன் இந்த ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை? கன்னியாகுமரி மாவட்டம் இனயம் மாதிரி ஓர் ஊரில் நாளைக்கே பத்துப் பேர் சேர்ந்து டீம் ஆரம்பித்தால், எதையெல்லாம் தாண்ட வேண்டியிருக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே பார்வையில்

- தொடங்குவதற்கு ஒரு தட்டு போதும். தொடர்ந்து ஆடத்தான் காசு வேண்டும்.
- சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் உண்டு. ஆனால் மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுப் பட்டியலில் இடம் இல்லை.
- நடுவர் கிடையாது. அதுதான் அழகு, அதுவே சில வீரர்களுக்குச் சுமை.
- கடற்கரை ஊர் என்றாலும் விளையாட மணல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில், அல்டிமேட் என்றால் என்ன?

1968-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணம், மேப்பிள்வுட் ஊரிலுள்ள கொலம்பியா ஹைஸ்கூல் மாணவர்கள் தொடங்கிய ஆட்டம் இது.

புல்தரையில் ஒரு டீமுக்கு 7 பேர். மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். எதிரணியின் பக்கமுள்ள அந்தக் கட்டத்துக்குள் நம்ம ஆள் தட்டைப் பிடித்துவிட்டால் ஒரு பாயிண்ட். அவ்வளவுதான்.

கேட்க சுலபம். ஆனால் தட்டு கையில் இருக்கும்போது ஓடக்கூடாது. கபடியில் மூச்சு மாதிரி, இங்கே எண்ணிக்கை. எதிரில் நிற்பவர் 10 வரை எண்ணி முடிப்பதற்குள் தட்டை வீசியாக வேண்டும். தட்டு தரையில் விழுந்தாலோ, எதிரணி தட்டிவிட்டாலோ ஆட்டம் அவர்கள் கைக்குப் போய்விடும். யாரும் யாரையும் இடிக்கக் கூடாது.

கடற்கரையில் ஆடுவது இன்னும் சின்ன ஆட்டம். டீமுக்கு 5 பேர், மைதானம் 75 மீட்டருக்கு 25 மீட்டர். எண்ணிக்கையும் 10-க்குப் பதில் 8. வெறுங்காலோடு ஆடலாம். தட்டின் எடை இரண்டுக்கும் ஒன்றுதான், 175 கிராம்.

'ஃப்ரிஸ்பீ' என்று ஏன் அதிகாரப்பூர்வமாகச் சொல்வதில்லை?

'ஃப்ரிஸ்பீ' என்பது வாம்-ஓ என்ற அமெரிக்க பொம்மை கம்பெனி பதிவு செய்துவைத்திருக்கும் வணிகப் பெயர். ஃப்ரிஸ்பி என்ற பேக்கரியின் 'பை' பலகாரம் வரும் தகரத் தட்டை மாணவர்கள் வீசி விளையாடியதிலிருந்து வந்த பெயர் இது. அதனால் உலக அமைப்பு 'பறக்கும் தட்டு' என்ற பொருளில் 'ஃப்ளையிங் டிஸ்க்' என்றே எழுதுகிறது.

அந்த உலக அமைப்பு 1985-ல் தொடங்கியது. 100-க்கும் மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் அதில் இருக்கின்றன. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதற்கு 2013-ல் தற்காலிக அங்கீகாரமும் 2015-ல் முழு அங்கீகாரமும் கொடுத்தது. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்காக நடக்கும் 'வேர்ல்டு கேம்ஸ்' போட்டியில், 2001 ஜப்பான் அகிட்டா போட்டியிலிருந்து இது பதக்க விளையாட்டு.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் இந்த ஆட்டம் வேர் பிடித்த ஊர்களில் முக்கியமானது சென்னை. சக்கீஸ் மாதிரி டீம்கள், கடற்கரை மணலில் நடக்கும் 'சென்னை ஹீட்' போட்டி எல்லாம் இந்த ஆட்டத்தைப் பின்தொடர்பவர்களுக்குத் தெரிந்த பெயர்கள். பெங்களூரு, அகமதாபாத், டெல்லி என்று மற்ற நகரங்களிலும் டீம்கள் உண்டு. 'அல்டிமேட் பிளேயர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா' என்ற அமைப்பு, வீரர்களே கூடி வளர்த்தெடுத்தது.

முதலில் ஆட வந்தவர்கள் பெரும்பாலும் நல்ல காலேஜ், நல்ல வேலையில் இருந்தவர்கள். அதை மாற்றியது 'ஃப்ளை வைல்டு' என்ற சென்னை டீம். பெசன்ட் நகர் பக்கமுள்ள மீனவக் குப்பத்துப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஆடிய டீம் அது. ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு எதிரே இவர்கள் நின்றபோது, மணலில் ஓடி வளர்ந்த கால்களின் வேகம் தனியாகத் தெரிந்தது.

பரத் மிர்லே, அரவிந்த் ஐயர் இயக்கிய '175 கிராம்ஸ்' என்ற குறும்படம் இந்த டீமைப் பற்றியதுதான். அமெரிக்காவின் சண்டான்ஸ் நிறுவனம் நடத்திய குறும்படப் போட்டியில் 2015-ல் வெற்றி பெற்ற படங்களில் அதுவும் ஒன்று.

ஆக, கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் வருமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. நன்றாகவே வரும். சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

ஏன் இனயத்தை எடுத்துக்கொள்கிறோம்?

இனயம் என்றதும் பலருக்கு 2016-ல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்த துறைமுகத் திட்டமும், அதை எதிர்த்து மீனவ மக்கள் நடத்திய போராட்டமும் ஞாபகம் வரும். கிள்ளியூர் தாலுகாவில், குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவே இருக்கும் கடலோர ஊர்.

இந்தக் கடலோரத்தில் விளையாட்டு என்றால் ஃபுட்பால்தான். தூத்தூர் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் டீம், கோவில் திருவிழாவுக்குத் திருவிழா டோர்னமென்ட். இரவிபுத்தன்துறையிலிருந்து கிளம்பிய மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல் வரை போனது இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது திறமையை மட்டும் அல்ல. ஃபுட்பாலுக்கு ஒரு ஏணி இருக்கிறது. ஊர் டீம், மாவட்ட டீம், காலேஜ் சீட், மாநில அணி, சந்தோஷ் டிராபி, ரயில்வே, வங்கி, போலீஸ் வேலை, கிளப் ஒப்பந்தம் என்று ஒவ்வொரு படியாக ஏறலாம். மேலே போகாவிட்டாலும் நடுவில் ஒரு படியில் உட்கார்ந்து சோறு சாப்பிடலாம்.

அல்டிமேட்டில் முதல் படி இருக்கிறது. கடைசிப் படியான உலகப் போட்டியும் இருக்கிறது. நடுவில் உள்ள படிகளைத்தான் காணோம். மற்ற எல்லாச் சிக்கலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

சிக்கல் 1: 'இத விளையாடுனா வேல கிடைக்குமா மக்களே?'

கடலோர வீட்டில் எந்த அம்மாவும் கேட்கும் முதல் கேள்வி இது. இன்றைக்கு இதற்கான நேர்மையான பதில், 'கிடைக்காது'.

மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 43 விளையாட்டுகள் இருந்தன. 2020-ல் அது 63 ஆனது. கயிறு இழுத்தல், மல்லர்கம்பம், டென்னிஸ் பந்து கிரிக்கெட் எல்லாம் அப்போது உள்ளே வந்தன. கேரம் உண்டு, பூப்பந்தாட்டம் உண்டு. நம்ம ஸ்கூல் பெண்கள் ரப்பர் வளையத்தை வீசி ஆடும் டென்னிகாய்ட்டும் உண்டு. ஆனால் தட்டு வீசும் அல்டிமேட் அந்த 63-ல் இல்லை.

தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் அரசு ஏற்றுக்கொண்ட விளையாட்டாக இருக்க வேண்டும், ஏற்றுக்கொண்ட சங்கத்தின் சான்றிதழ் வேண்டும்.

கடற்கரை விளையாட்டுகளுக்கென்றே 2025 மே மாதம் டையூவில் முதல் 'கேலோ இந்தியா பீச் கேம்ஸ்' நடந்தது. பீச் வாலிபால், பீச் கபடி, பீச் சாக்கர், செபக் தக்ரா, பென்காக் சிலாட், கடல் நீச்சல் எல்லாம் இருந்தன. கடற்கரைக்கென்றே தனி விதிமுறையும் தனி உலகக் கோப்பையும் உள்ள அல்டிமேட் அதில் இல்லை.

அங்கீகாரம் வாங்குவதும் சும்மா இல்லை. ஒரு சங்கத்தைத் தேசிய விளையாட்டு சம்மேளனமாக மத்திய அரசு ஏற்க வேண்டுமென்றால், பெரும்பாலான மாநிலங்களில் அதற்குக் கிளைகள் வேண்டும், அவற்றுக்குக் கீழே மாவட்டச் சங்கங்கள் வேண்டும். மாவட்டத்தில் டீம் இல்லாமல் சங்கம் எப்படி வரும்? வேலைக்கு உதவாத விளையாட்டுக்கு மாவட்டத்தில் டீம் எப்படி வரும்? கோழி முதலா, முட்டை முதலா கதைதான்.

சிக்கல் 2: தட்டு மலிவு, பயணம் காஸ்ட்லி

ஒரு தட்டின் விலை கிட்டத்தட்ட ஒரு நல்ல ஃபுட்பால் விலைதான். வலை வேண்டாம், போஸ்ட் வேண்டாம், மட்டை வேண்டாம், பேட் வேண்டாம். எல்லைக்கு நாலு மூலையில் செருப்பை வைத்தால்கூடப் போதும். இதைவிட மலிவாக ஆரம்பிக்கும் டீம் விளையாட்டு அதிகம் இல்லை.

ஆனால் போட்டி ஆட வேண்டுமென்றால்?

எதிரணி பக்கத்து ஊரில் இருக்காது, சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும். நாகர்கோவிலில் இருந்து ஓர் இரவு முழுக்க ரயில். களத்தில் 5 பேர் என்றாலும் மாற்று வீரர்களோடு டீமில் 10 பேருக்கு மேல் வேண்டும். டிக்கெட், தங்கும் இடம், சாப்பாடு, போட்டிக் கட்டணம் எல்லாம் அத்தனை பேருக்கும் ஆகும். ஒரு போட்டிக்குப் போய் வந்தால் ஆயிரம் ஆயிரமாகக் கரையும். பரிசாகக் கிடைப்பது கோப்பையும் கைத்தட்டலும்தான்.

அதற்கும் மேலே இந்திய அணி. தேர்வு முகாமுக்குப் போகிற செலவு வீரருடையது. தேர்வாகிவிட்டால் விமான டிக்கெட், விசா, பங்கேற்புக் கட்டணம் என்று பெரும்பகுதி வீரர் தலையிலேயே விழும். 2015-ல் லண்டனில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி, 2018-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்த 24 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி ஆகியவற்றில் இந்தியா ஆடியது. இப்படிப் போகும்போதெல்லாம் பலர் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் பயணம் போக வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. நல்ல சம்பளத்தில் இருக்கும் வீரருக்கு இது ஒரு வருஷச் சேமிப்பு. கடல் தொழில் செய்யும் வீட்டுப் பையனுக்கோ, குடும்பமே கடன் வாங்க வேண்டிய தொகை. விசா ஆபீஸில் வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள். ஏலத்தில் மீன் விற்றுக் கையில் காசாக வாங்கும் வீட்டில், ஆறு மாத வங்கிக் கணக்கு பார்க்க எப்படி இருக்கும்? அணியில் இடம் பிடித்துவிட்டு, அந்த இடத்தை விட்டுக்கொடுக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

சிக்கல் 3: நடுவர் இல்லாத ஆட்டத்தில் யார் பேச்சு எடுபடும்?

அல்டிமேட்டின் பெரிய தனித்தன்மை இதுதான். உலக சாம்பியன்ஷிப் ஃபைனலில்கூட விசில் ஊதும் நடுவர் கிடையாது. ஃபவுல் நடந்தால் பாதிக்கப்பட்டவரே சொல்ல வேண்டும். எதிரணி வீரர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். இருவரும் நின்று பேசித் தீர்க்க வேண்டும். தீரவில்லையா? பெரும்பாலும் தட்டு முன்பு இருந்த கைக்கே திரும்பிப் போகும். பெரிய போட்டிகளில் விதி சொல்லி உதவ ஆலோசகர்கள் இருப்பார்கள். தீர்ப்பு சொல்ல மாட்டார்கள்.

மேட்ச் முடிந்ததும் இரண்டு டீமும் கலந்து, தோளில் கை போட்டு வட்டமாக நின்று பேசும். பிறகு எதிரணியின் நடத்தைக்கு மார்க் போடும். விதி தெரிந்திருந்ததா, உடம்பில் மோதாமல் ஆடினார்களா, நியாயமாக நடந்தார்களா, தன்னடக்கம் எப்படி, பேச்சு எப்படி என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 20. இந்த மார்க்குக்கும் தனிக் கோப்பை உண்டு.

கேட்கவே நல்லா இருக்கு, இல்லையா? ஆனால் ஒரு நிமிஷம் யோசிங்க.

விதிப்புத்தகம் இங்கிலீஷில். வெளிமாநில டீமோடு களத்தில் வாதம் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ. நடுவர் இருந்தால் பேச வேண்டிய அவசியமே வராது, அவர் பார்த்துக்கொள்வார். நடுவர் இல்லாத இடத்தில், பேசத் தெரிந்தவருக்குப் பலம் அதிகம். 'நான் தட்டைத் தொடவில்லை' என்று சொல்லத் தெரிந்தும், மொழி தயங்குவதால் ஒரு பையன் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பாயிண்ட் போச்சு. சரி, சத்தமாகப் பேசினால்? கடல் அலைக்கு மேலே கேட்கிற மாதிரி பேசிப் பழகிய குரலை 'சண்டைக்கு வர்றான்' என்று எடுத்துக்கொண்டு, நடத்தை மார்க்கில் குறைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விதிகளைத் தமிழில் சொல்லித்தருவது, ஃபவுல் சொல்லும் கை சைகைகளைப் பழக்குவது, பேச்சுவார்த்தையையும் பயிற்சியில் ஒரு பாடமாக வைப்பது எல்லாம் செய்யலாம். உலக அமைப்பே கை சைகைகளை வகுத்து வைத்திருக்கிறது. ஓடுவதற்கும் வீசுவதற்கும் பயிற்சி தருவது போலவே, நின்று நிதானமாகத் தன் பக்கத்தைச் சொல்வதற்கும் பயிற்சி வேண்டும்.

சிக்கல் 4: கடற்கரை ஊரில் கடற்கரை எங்கே?

இனயத்தில் பீச் அல்டிமேட் ஆட 75-க்கு 25 மீட்டர் மணல் வேண்டும். கடலோர ஊரில் இதுகூடவா கிடைக்காது என்று கேட்கலாம்.

நீரோடியிலிருந்து குளச்சல் வரைக்கும் உள்ள கரை, கடலரிப்பால் பல வருஷமாகத் தேய்ந்துகொண்டே வருகிறது. அலை வீட்டுக்குள் வராமல் இருக்க நீளமாகக் கல் போட்டிருக்கிறார்கள். கல்லைக் கடலுக்குள் நீட்டிப் போடும் தூண்டில் வளைவுகளும் உண்டு. மிச்சமிருக்கும் கடப்புறத்தில்தான் வள்ளம் ஏற்ற வேண்டும், வலை காய வேண்டும், மீன் ஏலம் நடக்க வேண்டும். அங்கே போய் 'நாங்க தட்டு வீசணும், கொஞ்சம் வள்ளத்தை நகர்த்துங்க' என்று சொல்ல முடியுமா?

சரி, மைதானத்துக்குப் போகலாம் என்றால், ஊர் மைதானம் ஃபுட்பால்காரர்களுடையது. சாயங்காலம் அங்கே இன்னொரு டீமுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்குத் தினமும் பஸ் ஏறிப் போய் வருவதும் நடக்காத காரியம்.

இன்னொன்று காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் மாவட்டம் இது. ஃபுட்பால் எடையில் பாதிகூட இல்லாத 175 கிராம் தட்டைக் காற்று எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். ஒரு விதத்தில் இது நல்லது, இந்தக் காற்றில் வீசப் பழகியவருக்கு வேறு எந்த ஊர்க் காற்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தப் பக்குவம் வர, சொல்லித்தர ஆள் வேண்டும்.

சிக்கல் 5: ஓய்வு இருக்கும்போது மணல் இல்லை, மணல் இருக்கும்போது ஆள் இல்லை

இது இந்தக் கரைக்கே உரிய சிக்கல். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். விசைப்படகுக்குப் போகும் இளைஞர்கள் ஊரில் இருக்கும் காலம் அதுதான். டீம் பிராக்டிஸுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஆனால் அதே ஜூன், ஜூலையில்தான் தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளித்து மணலை அள்ளிக்கொண்டு போகும் காலமும் அதுதான். அலை ஓய்ந்து மணல் திரும்பி வரும்போது, ஆட்கள் படகில் இருப்பார்கள். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கொச்சியில் படகு ஏறுபவர்கள், வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் வேறு.

அல்டிமேட் தனி ஆள் திறமையால் ஜெயிக்கும் ஆட்டம் அல்ல. யார் எந்தப் பக்கம் ஓடுவார் என்று மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதி டீம் கடலில் இருந்தால் இந்தப் பழக்கம் எப்படி வரும்? அதனால்தான் இப்படிப்பட்ட ஊர்களில் ஸ்கூல் பிள்ளைகளிடம் தொடங்குவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

சிக்கல் 6: பெண்கள் இல்லாமல் டீமே இல்லை

இந்தியாவில் அதிகம் நடப்பது கலப்பு அல்டிமேட். 7 பேரில் ஒரு பாலினத்தவர் 4 பேர், இன்னொரு பாலினத்தவர் 3 பேர். பெண்கள் போதவில்லை என்றால் களத்தில் இறங்கவே முடியாது. ஆகவே பெண்கள் விளையாட வருவது இங்கே சலுகை இல்லை, விதி. இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பலம் இதுதான்.

டீம்கள் திணறுவதும் இங்கேதான். ஷார்ட்ஸ் போடுவது, பையன்களோடு ஓடுவது, வெளியூர் போய் இரண்டு நாள் தங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பத்தாம் வகுப்பு வந்தால் பாதிப் பெண்கள் நின்றுவிடுவார்கள், கல்யாணப் பேச்சு எடுத்தால் மீதிப் பாதியும். ஆண் வீரர் போனால் இன்னொருவரைப் பிடிக்கலாம். மூன்று வருஷம் பழகிய பெண் வீரர் போனால் டீமே தடுமாறும்.

வந்தவர்களுக்கும் தட்டு வர வேண்டும். பெயருக்கு 3 பெண்களை நிறுத்திவிட்டு ஆண்களுக்குள்ளேயே தட்டைச் சுற்றவிடுவது, கலப்பு ஆட்டத்தில் உலகம் முழுக்கவே பேசப்படும் குறை.

சிக்கல் 7: முட்டி போனால் யார் பார்ப்பது?

சட்டென்று நின்று, திரும்பி, தாவி விழும் ஆட்டம். கணுக்கால் பிசகுவது, தோள் இறங்குவது, முழங்காலில் ஏ.சி.எல் தசைநார் கிழிவது எல்லாம் சகஜம். ஏ.சி.எல் ஆபரேஷன் செய்துகொண்டால் மறுபடி களம் இறங்கக் கிட்டத்தட்ட 9 மாதம் ஆகும்.

சம்மேளனத்தின் இன்சூரன்ஸ், டீம் டாக்டர், பிசியோ எல்லாம் இல்லாத விளையாட்டில் இந்தச் செலவும் வீட்டுக்குத்தான். அலுவலக வேலையில் இருப்பவர் காலைக் கட்டிக்கொண்டு லேப்டாப்பில் வேலை பார்க்கலாம். ஆடும் படகில் நின்று வலை இழுப்பவருக்கு முழங்கால்தான் முதலீடு. அது போனால் வருமானமும் நின்றுவிடும்.

வெளிநாட்டில் எல்லாம் சுகமா?

அப்படியும் இல்லை. ஆட்டம் பிறந்த அமெரிக்காவிலேயே, பெரும்பாலான வீரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு, சொந்தக் காசு போட்டு ஆடுபவர்கள்தான். அங்கே 2012-ல் தொடங்கிய தொழில்முறை லீக் இப்போது 'அல்டிமேட் ஃப்ரிஸ்பீ அசோசியேஷன்' என்ற பெயரில் நடக்கிறது. அதில் நடுவர்களும் உண்டு. ஆனாலும் அதை மட்டும் நம்பி வாழும் வீரர்கள் அரிது.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கூடுதலாகச் சேர்த்த விளையாட்டுகளில் கிரிக்கெட், ஸ்குவாஷ், ஃபிளாக் ஃபுட்பால், லக்ராஸ், பேஸ்பால்-சாஃப்ட்பால் ஆகியவை இருக்கின்றன. சொந்த நாட்டில் நடந்தும் அல்டிமேட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒலிம்பிக்கில் நுழைந்தால் அரசுப் பணம் தானாக வரும் என்பதால், இந்த ஏமாற்றம் எல்லா நாட்டு வீரர்களையும் பாதிக்கிறது.

அப்போ என்னதான் செய்யலாம்?

பெரிய முடிவுகள் டெல்லியில். ஆனால் எல்லாவற்றுக்கும் டெல்லியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மாவட்ட அளவில் தொடங்கலாம்: நாலு ஸ்கூல், நாலு டீம் இருந்தாலே ஒரு மாவட்டப் போட்டி நடத்தலாம். சென்னைக்கு ரயில் ஏறாமலே வருஷத்துக்குப் பத்து மேட்ச் கிடைக்கும். அங்கீகாரத்துக்குத் தேவையான மாவட்டச் சங்கத்துக்கும் அதுவே விதை.

ஃபுட்பாலோடு மோத வேண்டாம்: ஃபுட்பால் மைதானத்துக்குள்ளேயே நீளவாக்கில் பீச் அளவு அல்டிமேட் களம் போட்டுவிடலாம். மணல் இல்லாத மாதங்களுக்கு இது உதவும். ஃபுட்பால் ஆடும் பிள்ளைகளுக்கு ஓடும் திறன், இடம் பார்த்து நகரும் திறன் ஏற்கெனவே இருக்கிறது. வீசக் கற்றுக்கொண்டால் போதும்.

அரசு உதவிக் கதவுகள்: வீரர்களின் போட்டிச் செலவுக்கு உதவ 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை போன்ற திட்டங்கள், ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரித்த உலக அமைப்பின் போட்டிக்குத் தேர்வாகும் வீரர்களையும் கருத்தில் எடுத்துக்கொண்டால், வீட்டுக் கடன் சுமை குறையும்.

டீம் செலவைத் திறமைக்கு ஏற்பப் பங்கிடலாம்: ஆளுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது பார்க்க நியாயம். உண்மையில் அது வசதி இல்லாதவரை வெளியே தள்ளும் வழி. வசதியுள்ளவர் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, தேர்வான எல்லோரும் போகும்படி இந்திய அணிக்குப் பொது நிதி வைப்பது முக்கியம்.

பெற்றோரிடம் உண்மையைச் சொல்லணும்: 'வேலை கிடைக்கும்' என்று பொய் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்தால் இரண்டே வருஷத்தில் டீம் கலைந்துவிடும். உடம்புக்கு நல்லது, பேசும் தைரியம் வரும், ஆணும் பெண்ணும் சமமாக நிற்கப் பழகுவார்கள், வெளியூர் பார்ப்பார்கள் என்பதெல்லாம் உண்மை. அதைச் சொன்னாலே போதும்.

முடிவாக...

கிரிக்கெட் ஆட பேட் வாங்கணும், டென்னிஸ் ஆட கோர்ட் வேணும். அல்டிமேட்டுக்கு அதெல்லாம் வேண்டாம் என்பதால், 'ஏழைக்கும் ஏற்ற விளையாட்டு' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தொடங்கும் செலவை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஓர் ஆட்டம் ஏழைக்கு ஏற்றதா என்பதை, முதல் நாள் செலவை வைத்து முடிவு செய்ய முடியாது. இந்திய அணிக்குத் தேர்வாகும் நாளில் அந்தப் பிள்ளையால் போக முடிகிறதா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மீனவக் குப்பத்துப் பிள்ளைகளால் இந்த ஆட்டத்தில் சாதிக்க முடியும் என்பதைச் சென்னை காட்டிவிட்டது. இனயத்துப் பிள்ளைகளாலும் முடியும். அவர்கள் ஏறுவதற்கு நடுவிலுள்ள படிகளை யார் கட்டப் போகிறார்கள் என்பதுதான் இப்போதைய கேள்வி.